ஸ்டேஷனா, கோர்ட்டா, பெரியவர்கள் பேச்சா? அடிபட்ட பெண் முதலில் ஏற வேண்டிய படி எது

கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். மனு, அபிடவிட், வக்கீல் நோட்டீஸ் என்று 16 வருடமாக அடுத்த வீட்டுச் சண்டையை அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. வக்கீல் பட்டம் எனக்குக் கிடையாது. ஆனால் எந்த மனு எங்கே போய் முடங்குகிறது, எது உத்தரவாகத் திரும்பி வருகிறது என்பது நகல் எடுக்க வரும் காகிதங்களைப் பார்த்தே ஓரளவு பழகிவிட்டது.

சில மாதங்களுக்கு முன் மூன்று பேர் வந்தார்கள். ஓர் அம்மா, அவர் மகள், மகளின் தம்பி. மகளுக்கு 35 வயதிருக்கும். இடது கையில் மாவுக்கட்டு. "அந்த ஆளை உள்ள வைக்கணும், புகார் அடிங்க" என்றார் தம்பி. "பெரியவங்களை வச்சு இன்னொரு தரம் பேசிப் பார்த்துடலாம்ப்பா" என்றார் அம்மா. இருவரும் பேசி ஓய்ந்த பிறகு அந்த அக்கா வாய் திறந்தார். "எனக்கு அந்த வீடு வேணும். பசங்க ஸ்கூல் அங்கதான் இருக்கு. அவர் அடிக்கக் கூடாது. என் நகை வரணும். அவ்வளவுதான்."

எந்தச் சட்டம் பலமானது என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அதற்குப் பதில் சொல்லிப் பிரயோசனமில்லை. இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பீர்கள், அடுத்த மாதம் அரிசிக்குக் காசு யார் தருவார்கள், அந்த ஆளோடு வாழப்போகிறீர்களா இல்லையா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் வழி தானாகத் தெரியும். அந்த அக்கா கேட்டதை வைத்தே ஒவ்வொரு வழியையும் பார்க்கலாம்.

அம்மா சொன்ன வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். பெரியவர்களை வைத்துப் பேசுவதில் செலவில்லை, ஊர் வாயும் அவ்வளவாகத் திறக்காது. பணத் தகராறு, தனிக்குடித்தனம், மாமியார் மருமகள் உரசல் போன்றவற்றுக்கு அது போதும் என்றுகூடச் சொல்வேன். கை நீட்டிய வீட்டுக்கு அது போதாது. அங்கே சொல்லப்படுவது எதுவும் காகிதத்தில் ஏறாது. ஏறினாலும் அதை மீறியவரை ஒன்றும் செய்ய முடியாது. இவர்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று தடவை பேசியாகிவிட்டது. மூன்றாம் தடவைக்குப் பிறகுதான் இந்த மாவுக்கட்டு. அப்படியும் உட்கார்ந்து பேசுவதாக இருந்தால் வெற்றுப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்டாம்ப் பேப்பரில் "இன்று முதல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதிக்கொள்வதால் கோர்ட் விவாகரத்து ஆகிவிடாது. அப்படி எழுதி அடிக்கச் சொல்லி இன்னமும் மாதம் ஒருவராவது வருகிறார்கள்.

அடுத்தது தம்பியின் வழி. சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது 1992-ல். இப்போது தமிழ்நாட்டில் அநேகமாக எந்த ஊரிலிருந்தும் ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். அங்கே புகார் கொடுத்தால் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. அதை எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துக்கொண்டு பத்திரமாக மடித்து வைத்திருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். புகார் வந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. அப்புறம் இரு தரப்பையும் கூப்பிடுவார்கள். பெஞ்சில் உட்காரவைத்துப் பேசுவார்கள். பெரும்பாலும் "இனிமேல் இதுபோல் நடந்துகொள்ள மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு பக்கக் கடிதத்தின் வாசகம் எனக்கு மனப்பாடம்.

இதைக் கேவலமாகச் சொல்லவில்லை. போலீஸ் என்றால் பயப்படும் ஆளாக இருந்தால் அந்த ஒரு விசாரணையே அடியை நிறுத்திவிடும். அப்படி நின்ற வீடுகள் இருக்கின்றன. அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்பே புகார் போய் விசாரணை நடந்தது என்பதற்கான காகிதம் அது, பின்னால் உதவும்.

வழக்கே போட வேண்டும் என்றால், கணவரோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85-வது பிரிவு. மூன்று வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. எலும்பு முறிந்திருந்தால் அது சட்டப்படி கொடுங்காயம், அதற்குத் தண்டனை இன்னும் அதிகம். வாழ்ந்த ஊரில்தான் புகார் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. அடி தாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த ஊர் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் எடுக்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

ஆனால் தம்பி எதிர்பார்த்த "உள்ள வைக்கணும்" அவ்வளவு சுலபமில்லை. 2014-ல் வந்த அர்னேஷ் குமார் தீர்ப்புக்குப் பிறகு இந்தப் பிரிவில் உடனே கைது செய்வதில்லை. நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பார்கள். கைது வேண்டுமென்றால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். இன்னொன்று, பலரும் யோசிக்காதது: இந்த வழக்கை நினைத்த நேரத்தில் வாபஸ் வாங்க முடியாது. சமாதானம் ஆகிவிட்டால்கூட உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். சென்னைக்கோ மதுரைக்கோ அலைச்சல், வக்கீல் செலவு. கணவர் அரசு ஊழியராக இருந்து 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்துவிட்டால் தானாகவே சஸ்பெண்ட். சம்பளம் குறைந்த மனிதரிடம் ஜீவனாம்சம் கேட்டு நிற்பதும் நீங்கள்தான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு போடுவது வேறு, கோபத்தில் போடுவது வேறு.

முக்கியமாக, இந்த வழக்கு அந்த அக்கா கேட்ட மூன்றில் ஒன்றையும் நேராகத் தராது. வீட்டுக்குள் இருக்க உரிமையும் தராது, மாதப் பணமும் தராது. செய்த குற்றத்துக்குத் தண்டனை, அது மட்டும்தான் அதன் வேலை.

அவர் கேட்டதற்கு நேராகப் பொருந்துவது குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. கோர்ட் வட்டாரத்தில் டொமஸ்டிக் வயலன்ஸ் என்பதைச் சுருக்கி டி.வி. கேஸ் என்பார்கள். 2006 அக்டோபர் 26-ல் நடைமுறைக்கு வந்து இவ்வளவு காலமாகியும் ஸ்டேஷனுக்குப் போன பெண்களில் பலருக்கு இதைப் பற்றி யாரும் சொல்லியிருப்பதில்லை. இத்தனைக்கும் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச வக்கீல் கிடைப்பார் என்று எடுத்துச் சொல்வது போலீஸின் கடமை என்று அந்தச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவே சொல்கிறது.

இதில் மாஜிஸ்திரேட்டிடம் ஒரே மனுவில் பலவற்றைக் கேட்கலாம். அடிக்கக் கூடாது, ஸ்கூல் வாசலுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வந்து தகராறு செய்யக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு. வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று குடியிருப்பு உத்தரவு. தேவைப்பட்டால் அவரையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லலாம், அல்லது அதே தரத்தில் வேறு வீடு பார்த்து வாடகை கட்டச் சொல்லலாம். மாதச் செலவு, மருத்துவச் செலவு, குழந்தைகள் யாரிடம் இருப்பது, சீர்வரிசையாகவும் நகையாகவும் கொண்டுவந்ததைத் திருப்பித் தருவது, மன வேதனைக்கு இழப்பீடு எல்லாம் இதற்குள் வரும். கணவர் மாதச் சம்பளக்காரர் என்றால் அவர் முதலாளியிடமே சம்பளத்தில் பிடித்து நேராக உங்களுக்குக் கட்டச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

"வீடு மாமியார் பேர்ல இருக்கே?" என்று அந்த அம்மா உடனே கேட்டார். நல்ல கேள்வி. 2020 வரைக்கும் பலருக்கு அங்கேதான் கேஸ் தோற்றது. அந்த வருடம் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய நிலையை மாற்றிவிட்டது. மாமியார் மாமனார் பெயரில் இருக்கும் வீடானாலும் மருமகள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழும் வீடுதான். ஆனால் கிடைப்பது அங்கே குடியிருக்கும் உரிமை, சொத்துரிமை இல்லை. அப்புறம், கணவரை வெளியே போகச் சொல்லும் உத்தரவு மாமியாருக்குப் பொருந்தாது. எந்தப் பெண்ணையும் அப்படி வெளியேற்றக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆக, உத்தரவு வாங்கிய பிறகும் அதே அடுப்படியில் மாமியாரோடுதான் சமைக்க வேண்டியிருக்கும். முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்றேன். "பத்து வருஷமா அப்படித்தானே சமைக்கிறேன்" என்றார் அக்கா.

தாலி கட்டியவர்களுக்கு மட்டும்தான் என்றும் இல்லை. கல்யாணம் போலவே சேர்ந்து வாழ்ந்தவர்கள், மகனிடம் அடி வாங்கும் தாய், அண்ணன் துரத்திவிட்ட தங்கை எல்லோரும் வரலாம். எந்த மதத்தவரும் வரலாம். கணவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே மனு போடலாம். விவாகரத்து கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

மனு போட இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர். அவர் விசாரித்து, நடந்ததைக் குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவத்தில் எழுதி கோர்ட்டுக்கு அனுப்புவார். செலவே இல்லை. ஆனால் மாவட்டம் முழுக்க அவர் தலையில்தான் விடியும், அதனால் தாமதம் ஆகலாம். மற்றது, நேராகக் கோர்ட்டில் தாக்கல் செய்வது. அந்த அறிக்கை இல்லாவிட்டாலும் மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவசரம் என்றால் இரண்டாவது வாசல், கையில் காசும் இல்லை, பேசத் தெரிந்த ஆளும் இல்லை என்றால் முதல் வாசல் என்பது என் கணக்கு.

எந்த வாசலில் போனாலும் அந்தப் படிவத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள். அடி உதை மட்டும் வன்முறை என்று நினைத்திருந்த பல பெண்கள் என் கடையில் நின்று அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஆண் பிள்ளை பெறவில்லை என்று குத்திக்காட்டியது, வேலைக்குப் போக விடாதது, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பணம் தராதது, கேட்காமல் நகையை அடகு வைத்தது எல்லாம் அதில் தனித்தனி வரியாக அச்சாகியிருக்கும். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிற ஏ.டி.எம். கார்டைக் கணவரே வைத்துக்கொண்டிருப்பதையும் இந்த வகையில் எழுதலாம். அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், "இதுவுமா?" என்று. இதுவும்தான்.

டி.வி. கேஸின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்பது சட்டத்தில் உள்ள கணக்கு. நிஜத்தில் சம்மன் வாங்காமல் நழுவுவார், வாய்தா மேல் வாய்தா போகும். அதனால்தான் மூல மனுவோடு சேர்த்து இடைக்கால உத்தரவுக்கும் அபிடவிட் போட வேண்டும். எதிர் தரப்பு வராவிட்டாலும் அதன்பேரில் உத்தரவு கிடைக்கும். இந்த ஒரு அபிடவிட்டை விட்டுவிட்டு வருடக் கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நாலு பக்கம்தான், அடிக்க அரை மணி நேரம். உத்தரவின் நகலைக் கோர்ட்டே இலவசமாகத் தர வேண்டும். ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாதுகாப்பு உத்தரவை அவர் மீறினால் அது ஜாமீனில் விட முடியாத குற்றம், ஒரு வருடம் வரை சிறை. தம்பி கேட்டது இந்த இடத்தில்தான் நடக்க வாய்ப்பிருக்கிறது.

பணம் மட்டும்தான் வேண்டும், வீடும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்பவர்களுக்கு ஜீவனாம்ச மனு நேரடியானது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. குடும்ப நல நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கே, இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம். ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற 2020 தீர்ப்புக்குப் பிறகு இருவரும் சொத்து, வருமான விவரத்தை அபிடவிட்டாகப் போட்டாக வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே பணம் கணக்காகும். டி.வி.யிலும் பணம் கேட்டு இதிலும் கேட்கலாம், ஆனால் ஒன்றில் கிடைத்ததை மற்றதில் மறைக்கக் கூடாது, கழித்துக்கொள்வார்கள். பாக்கி விழுந்தால் விழுந்த ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். இரக்கப்பட்டு இரண்டு வருடம் பொறுத்திருந்துவிட்டு மொத்தமாகக் கேட்டால் இந்தப் பிரிவில் பழைய பாக்கி போனதுதான்.

விவாகரத்தைப் பற்றி இங்கே நீட்டவில்லை. அவசரத்துக்கு உதவும் மருந்து அல்ல அது. உயிருக்கும் சோற்றுக்கும் வழி செய்துகொண்ட பிறகு நிதானமாகப் போடலாம்.

இதுவரை சொன்னது எல்லாம் பகலில், கையில் பையோடு வருகிறவர்களுக்கு. ராத்திரி பதினோரு மணிக்குக் கதவு சாத்தப்பட்ட பெண்ணுக்கு மனு ஒன்றும் செய்யாது. அந்த நேரத்தில் உயிருக்கு ஆபத்து என்றால் 112, போலீஸ் வீட்டு வாசலுக்கு வரும். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 181, பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அவர்கள் மூலமாக மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குப் போகலாம். சகி மையம் என்றும் சொல்வார்கள். சிகிச்சை, மன ஆலோசனை, சட்ட உதவி, தங்க இடம் ஒரே கூரையின் கீழ். ஆனால் அங்கே தங்குவது பொதுவாக ஐந்து நாள் வரைதான். அதற்கு மேல் வேறு இல்லத்துக்கு அனுப்புவார்கள். வளர்ந்த பையன் இருந்தால் உடன் தங்க விடுவார்களா என்று போகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா வீட்டுக் கதவு திறந்திருந்தால் அங்கே போவதுதான் மேல். திறக்காத அம்மா வீடுகளும் ஏராளம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

வக்கீல் விஷயம். பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு, 1987-ம் வருடச் சட்டம். கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், போனில் என்றால் 15100. "ஓசி வக்கீல் ஒழுங்கா வாதாட மாட்டார்" என்ற பேச்சு உண்டு. ஒழுங்காக வாதாடுபவர்களும் இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு ஜூனியரை மட்டும் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லி ஆணைக்குழுவிலேயே எழுதிக் கொடுக்கலாம். டி.வி. மனுவுக்கும் ஜீவனாம்சத்துக்கும் முதலில் அங்கே போய்ப் பாருங்கள் என்பேன்.

கிளம்புவதாக இருந்தால் ஆதார், பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, நகை ரசீது எல்லாவற்றையும் முன்பே நம்பகமான ஒருவர் வீட்டுக்கு நகர்த்திவிடுங்கள். போனை மறக்காதீர்கள். வாட்ஸ்அப் வேறு எந்தக் கருவியிலாவது திறந்திருக்கிறதா, கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியுமா என்று பாருங்கள். நீங்கள் 181-க்குப் பேசியதை அவர் பார்த்துவிட்டால் அன்றைய ராத்திரிதான் மோசமான ராத்திரி.

அந்த அக்காவிடம் ஒரு சிக்கல் இருந்தது. கை முறிந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது மாமியார் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். டாக்டர் கேட்டதற்கு அக்கா "மாடிப்படியில விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஏ.ஆர். காப்பியிலும், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலிலும், அப்படியே ஏறிவிட்டது. அடித்தது யார், எதால் அடித்தார் என்று டாக்டரிடம் சொல்வதுதான் முதல் சாட்சியம், அது தவறிவிட்டது. மறைக்காதீர்கள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதையும் அபிடவிட்டில் எழுதுங்கள் என்று சட்ட உதவி மையத்து வக்கீல் அம்மா சொன்னார். தேதி வாரியாக வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார்.

மறுநாள் அக்கா ஒரு மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கத்தை. ஒவ்வொன்றின் பின்பக்கமும் பென்சிலில் இரண்டு வரி. "ராத்திரி 11. பெல்ட். சின்னவன் எழுந்துட்டான்." "காசு கேட்டேன். தட்டை வீசினார்." "வளையல் ரெண்டு காணோம். கேட்டதுக்கு அடி." நாலு வருடத்து நாள்கள்.

பாதுகாப்பு, குடியிருப்பு, நகை, மாதச் செலவு நான்கையும் கேட்டு டி.வி. மனு அடித்தோம், இடைக்கால அபிடவிட்டையும் சேர்த்து. ஒவ்வொரு தாளும் ஒரு பத்தியாயிற்று. கடைசியாகத் தாள்களை நகல் எடுக்க உட்கார்ந்தேன். பின்பக்கத்தை எடுத்துவிட்டுத் திருப்பிப்போட்டு முன்பக்கத்தையும் எடுப்பதைப் பார்த்து, "அந்தப் பக்கம் ராகு காலம்தானே இருக்கு, அது எதுக்கு?" என்றார் தம்பி.

தேதி அந்தப் பக்கம்தான் இருந்தது.